மனம் மாறியவரின் பழைய பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு மனிதர் தன் அடிப்படை விழுமியங்களைத் தானே திட்டம் போட்டு மாற்றிக்கொள்வது சரியா என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையாளர் சொல்வது சுருக்கமாக இதுதான்: என் உடம்பு எப்படி என்னுடையதோ அப்படியே என் மனசும் என்னுடையது, அதில் எதை வைத்துக்கொள்வது எதைத் தூக்கிப் போடுவது என்பது என் விருப்பம், நாளைக்கு ஒரு மாத்திரையோ கருவியோ வந்து அந்த வேலையைச் சுலபமாக்கினால் அதிலும் தப்பில்லை. கடிதம் எழுதியவர்களில் பாதிப் பேர் இதற்குக் கைதட்டியிருக்கிறார்கள். மீதிப் பேர் கொள்கை மாறுகிறவன் பச்சோந்தி, துரோகி என்று திட்டியிருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைத் தொடவே இல்லை என்பதுதான் என் எரிச்சல். ஒருவர் நேர்மையானவர், சொன்ன சொல் தவறாதவர் என்று நம்பித்தான் இன்னொருவர் அவருக்குக் கடன் கொடுக்கிறார், அவரைக் கல்யாணம் செய்துகொள்கிறார், அவர் கூப்பிட்டார் என்று போராட்டத்துக்குப் போய் சிறையில் உட்காருகிறார். உள்ளே இருக்கிற விழுமியம் மாறின அன்றைக்கு இந்த ஆட்களின் நிலை என்ன? அதைக் கேட்காமல் உரிமை, துரோகம் என்று பேசிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சரி செய்துகொள்ளலாம். ருசி மாறுவதும் பிடித்த நிறம் மாறுவதும் இங்கே கணக்கில் வராது. ஹாரி ஃபிராங்ஃபர்ட் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1971-ல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு உதவும். மனிதருக்கு ஆசைகள் இருப்பதோடு, அந்த ஆசைகளைப் பற்றிய ஆசைகளும் உண்டு என்றார் அவர். போதைக்கு அடிமையான இருவரை எடுத்துக்கொண்டார். ஒருவருக்குப் போதை வேண்டும், ஆனால் அது வேண்டும் என்று தனக்குத் தோன்றுவதையே அவர் வெறுக்கிறார். இன்னொருவருக்கும் வேண்டும், அதில் அவருக்கு எந்தச் சங்கடமும் கிடையாது. இருவரும் செய்வது ஒன்றுதான், ஆனால் இருவரும் ஒரே நிலையில் இல்லை என்பது யாருக்கும் புரியும். முதல் ஆள் தன் போதை ஆசையை மாற்றப் போராடினால் நாம் பாராட்டுவோம், மருந்து எடுத்துக்கொண்டாலும் பாராட்டுவோம். குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை அமெரிக்காவில் 1951-லிருந்தே இருக்கிறது. அது ஆசையைத் தொடுவதில்லை. குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரும், அந்தப் பயத்தில் ஆள் குடிக்க மாட்டார், அவ்வளவுதான். குடிப்பழக்கத்துக்கு 1994-ல் அங்கீகாரம் பெற்ற நால்ட்ரெக்சோன் என்ற மருந்து வேறு வழியில் போகிறது, குடியில் கிடைக்கும் சுகத்தையே மட்டுப்படுத்துகிறது, அதனால் ஆசையும் மெல்லக் குறைகிறது. முதலாவது ஆளை மிரட்டி நிறுத்துகிறது, இரண்டாவது ஆளையே கொஞ்சம் மாற்றுகிறது. இருந்தாலும் இரண்டிலும் மேலே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற ஒரு விழுமியம் மாறாமல் இருக்கிறது: குடும்பம் முக்கியம், உடம்பு முக்கியம் என்று ஏதோ ஒன்று. கட்டுரையாளர் இந்த மாதிரி உதாரணங்களைக் காட்டிவிட்டு, 'பார்த்தீர்களா, நாம் ஏற்கெனவே மாற்றிக்கொண்டுதானே இருக்கிறோம்' என்று தாவிவிடுகிறார். தாவ முடியாது. தீர்ப்புச் சொல்கிறதையே மாற்றும்போது, அந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்று யார் பார்ப்பது?

செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி சொல்கிற ஒரு கற்பனை உண்டு. காந்தியிடம் ஒரு மாத்திரையை நீட்டுகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் அவருக்குக் கொலை செய்ய ஆசை வரும், செய்த பின் எந்த உறுத்தலும் இருக்காது. காந்தி போட்டுக்கொள்வாரா? மாட்டார். அதைப் போட்டுக்கொண்ட காந்தி சந்தோஷமாகவே இருப்பார் என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும் மாட்டார், ஏனென்றால் இப்போது இருக்கிற காந்திக்குக் கொலை நடக்கக் கூடாது, தன் கையால் நடந்தாலும் கூடாது. இதை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். ஒரு விழுமியத்தை ஒருவர் முழு மனசோடு பிடித்துக்கொண்டிருந்தால் அதை மாற்ற அவருக்குத் தோன்றவே தோன்றாது. மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறதென்றால், அவருக்குள்ளே ஏற்கெனவே வேறு ஏதோ ஒன்று அதற்கு எதிராக மனுப் போட்டிருக்கிறது. அந்த மனுவைப் போட்டது யார் என்று பார்ப்பதுதான் என்னைப் பொறுத்தவரை பாதி வேலை. நியாயம் போட்டதா, இரக்கம் போட்டதா, அசதி போட்டதா, இல்லை பணமா?

எனக்குத் தெரிந்த ஒருவர் வேலையில் சேர்ந்த காலத்தில் அப்படி ஒரு கறார். கை நீட்ட மாட்டார், நீட்டுகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டார். பல வருஷம் கழித்து அவர் பேச்சு மாறியது. நேர்மை என்பது ஒரு இளவயதுப் பெருமை, அதில் ஒரு அகங்காரம் இருக்கிறது, மனிதர்களோடு நெளிவு சுளிவாகப் போவதுதான் முதிர்ச்சி என்றெல்லாம் பேச ஆரம்பித்தார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இதையெல்லாம் பேசிய காலத்தில் அவர் ஒரு பைசா வாங்கவில்லை. முதலில் மனசைத் தயார் செய்தார், அப்புறம்தான் கை நீண்டது. அதனால் அவருக்கு ஒருநாளும் தூக்கம் கெடவில்லை. அதே அலுவலகத்தில் இன்னொருவர் வாங்கிவிட்டு உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார், வீட்டில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கத் தயங்கினார். சட்டத்துக்கு முன்னால் இருவரும் ஒன்று. ஆனால் எனக்கு இரண்டாவது ஆள் மேல் ஒரு நம்பிக்கை மிச்சம் இருக்கிறது, ஏனென்றால் அவருக்குள் எதிர்த்துப் பேச இன்னும் ஒரு குரல் இருக்கிறது. முதலாமவர் அந்தக் குரலைப் பணி ஓய்வில் அனுப்பிவிட்டார். வேஷம் போடுகிறவனை நாம் எப்போதும் கீழாகப் பார்க்கிறோம், 'மனசாட்சிப்படி மாறினேன்' என்கிறவனுக்கு மரியாதை தருகிறோம். இந்த வரிசை எப்போதும் சரியாக இருப்பதில்லை.

சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்ற நரியும் விழுமியத்தை மாற்றிக்கொண்ட நரிதான். கிடைக்காததை வேண்டாம் என்று ஆக்கிக்கொண்டால் வலி போய்விடுகிறது. நரியைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் அதே வேலையை மனிதருக்கு அவர் வாழ்கிற நிலைமை செய்துவிடும்போது சிரிக்க முடியாது. வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944-ல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில், மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் உங்கள் உடல்நிலை எப்படி என்று கேட்ட ஒரு கணக்கெடுப்பை அமர்த்தியா சென் தன் எழுத்துகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் மிக மிகக் குறைவு. பெண்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது இதற்கு அர்த்தம் செய்தால் அவரைப் போல அப்பாவி இருக்க முடியாது. குறை சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்ற எண்ணமே அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இந்த மாதிரி மாற்றத்தில் யாரும் மாத்திரை போடவில்லை, யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவும் இல்லை. கட்டுரையாளர் எதிர்காலக் கருவிகளைப் பற்றி இவ்வளவு பரபரப்பாக எழுதுகிறார், ஆனால் உலகத்தில் நடந்த விழுமிய மாற்றங்களில் பெரும்பகுதி இப்படிச் சத்தமில்லாமல் நடந்ததுதான், ஒருவரும் அனுமதி கேட்கவில்லை.

இங்கேதான் கட்டுரையின் முக்கியமான வாதம் ஒன்று எனக்குச் சறுக்குகிறது. மாறிய பிறகு அந்த மனிதர் திருப்தியாக இருந்தால் அதுவே போதுமான சான்று என்கிறார். போதாது. எல்.ஏ.பால் என்ற தத்துவவாதி சில வருஷங்களுக்கு முன் இதை நன்றாக அலசினார். பிள்ளை பெற்றுக்கொள்வது போன்ற சில அனுபவங்கள் நம் விருப்பங்களையே மாற்றிவிடுகின்றன, அதனால் முன்கூட்டி உட்கார்ந்து எனக்கு இது ஒத்துவருமா என்று கணக்குப் போட முடியாது, கணக்குப் போடுகிற ஆளும் பலனை அனுபவிக்கிற ஆளும் ஒரே அளவுகோலை வைத்திருக்கப் போவதில்லை என்கிறார் அவர். நான் இன்னும் ஒரு படி போகிறேன். விழுமியத்தை மாற்றினால், மாறிய மனசு அந்த மாற்றத்தை ஆமோதிக்கத்தான் செய்யும், அது அந்த மாற்றத்திலேயே அடக்கம். மூளைச்சலவை செய்யப்பட்டவரும் எனக்கு இப்போதுதான் கண் திறந்தது என்பார். நல்ல வழியில் திருந்தியவரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கிற ஒருவர் எழுதிய தீர்ப்பை வைத்துக்கொண்டு இருவரையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. அதனால் 'இப்போது நிம்மதியாக இருக்கிறேன்' என்பதைச் சான்றுப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

மனசு எவ்வளவு லேசாகத் திரும்பும் என்பதற்கு மருத்துவத்திலேயே உதாரணம் இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் டோபமைன் வகை மருந்துகள் சிலரைச் சூதாட்டத்துக்கும், கட்டுக்கடங்காமல் வாங்கிக் குவிப்பதற்கும் தள்ளிவிடுகின்றன. 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மாதிரி உந்துதல் கோளாறு ஏதாவது ஒன்று ஏறக்குறைய 14 சதவீதம் பேரிடம் இருந்தது. வாழ்நாளில் சூதாட்டம் பக்கமே போகாதவர்கள் சேமிப்பைத் தொலைத்திருக்கிறார்கள். மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பலருக்கு அது அடங்கிவிடுகிறது, பணம்தான் திரும்பி வருவதில்லை. இதில் நோயாளியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. இன்னொரு பக்கம் சைலோசைபின் என்ற காளான் வேதிப்பொருளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். ஆழ்ந்த பரவச அனுபவம் கிடைத்தவர்களிடம், புதியதை ஏற்கிற திறந்த மனப்பான்மை ஒரு வருஷத்துக்கு மேலும் உயர்ந்தே இருந்தது என்று 2011-ல் எழுதினார்கள். வயது வந்த பிறகு ஒருவரின் ஆளுமை அவ்வளவு சீக்கிரம் நகராது என்பதால் அது பெரிய செய்தியானது. திறந்த மனப்பான்மை நல்லதுதானே என்று தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. ஆனால் சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கும்போது, தலைவலி வரலாம் வாந்தி வரலாம் என்று சொல்வதைப் போல, 'உங்களுக்கு எது முக்கியம் என்பதே மாறலாம்' என்று எப்படிச் சொல்லி எப்படிச் சம்மதம் வாங்குவது? சம்மதம் கொடுக்கிறவர் பிறகு இருக்கப் போகிறவர் இல்லையே.

வேகம் ஒரு முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். மெதுவாக மாறுகிறவருக்குள் பழைய விழுமியம் கடைசி வரை எதிர்த்துப் பேசுகிறது. ஒவ்வொரு படியிலும் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக முடியும், சில நேரம் அதுவே ஜெயித்து ஆளைத் திருப்பியும் விடுகிறது. ஒரே ராத்திரியில் மாற்றும் கருவி வந்தால் அது முதலில் செய்யப்போவது எதிர்க்கட்சியைக் கலைப்பது. அதற்காக மெதுவான மாற்றம் எல்லாமே உத்தமம் என்று சொல்ல வரவில்லை, மேலே சொன்ன கறார் நண்பர் மாறியதும் மெதுவாகத்தான்.

காந்தியைக் கற்பனைக்கு இழுத்ததால் உண்மையான காந்தியையும் பார்த்துவிடலாம். 1920-களின் தொடக்கத்தில் சாதிக்கு வெளியே கல்யாணம், சாதிக்கு வெளியே உணவு இரண்டுக்கும் இருந்த தடையை ஆதரித்து எழுதியவர் அவர். 1946-ல், மணமக்களில் ஒருவர் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவராக இருந்தால் ஒழிய சேவாகிராம் ஆசிரமத்தில் கல்யாணம் நடக்காது என்று அறிவித்தார். இடையில் அம்பேத்கர் போன்றவர்கள் முகத்துக்கு நேராக அடித்த அடி இருக்கிறது. முரண்படாதவனாகத் தெரிய வேண்டும் என்ற கவலை எனக்கு இல்லை, என் இரண்டு எழுத்துகள் மோதினால் பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1933-ல் 'ஹரிஜன்' இதழில் அவர் எழுதியது பலருக்குத் தெரியும். அவரிடம் எனக்கு ஆயிரம் கேள்விகள் உண்டு, இருபது வருஷம் எடுத்துக்கொண்டதில் நொந்தவர்கள் யார் என்பது அதில் பெரிய கேள்வி. ஆனால் பழைய எழுத்தை அவர் மறைக்கவில்லை, எதிராளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறினார், பழைய காந்தியைக் கொண்டு புதிய காந்தியை அடிக்க எல்லாருக்கும் வசதி வைத்தார். அதைத்தான் கட்டுரையாளரின் மாத்திரை இல்லாமல் ஆக்கிவிடும்.

அசோகரைப் பற்றி எல்லாருக்கும் ஒரு கதை தெரியும், கலிங்கத்தில் ரத்தத்தைப் பார்த்தார், மனம் மாறினார், தர்மத்துக்கு வந்தார். அவருடைய 13-வது பெரும்பாறைக் கல்வெட்டு உண்மையிலேயே அசாதாரணமானது. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் அங்கிருந்து கடத்தப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கு பேர் செத்தார்கள் என்று ஜெயித்த ராஜாவே கல்லில் வெட்டி வைத்து, அதற்காக வருந்துகிறேன் என்கிறார். வேறு எந்த ராஜா செய்தார்? ஆனால் இரண்டு விவரங்களைப் பள்ளிப் பாடத்தில் நமக்குச் சொல்வதில்லை. கலிங்க நாட்டுக்குள் இருக்கிற தௌலியிலும் ஜௌகடாவிலும் இந்தக் கல்வெட்டு இல்லை, அதற்குப் பதிலாக வேறு தனி ஆணைகள் இருக்கின்றன. அதே கல்வெட்டில் காட்டுவாசிகளுக்கு, வருந்தினாலும் என்னிடம் பலம் இருக்கிறது என்று ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. கலிங்கத்தைத் திருப்பிக் கொடுத்ததாகவோ, கடத்தப்பட்டவர்களை ஊருக்கு அனுப்பியதாகவோ அதில் ஒரு வரி கிடையாது. அரசியல் காரணம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் வருத்தம் யாரிடம் சொல்லப்பட வேண்டுமோ அவர்கள் கண்ணில் படாமல் மற்ற இடங்களில் சொல்லப்பட்டிருக்கிறது என்பது உறுத்துகிறது. மனம் மாறியதை நான் சந்தேகப்படவில்லை. பழைய அசோகர் வைத்த பாக்கியைப் புதிய அசோகர் என்ன செய்தார் என்று கேட்கிறேன். மனமாற்றத்தைக் கொண்டாடுகிற நாம் அந்த இடத்தில் எப்போதும் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

டெரக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி, 1984-ல் வெளியான தன் புத்தகத்தில் ஒரு ரஷ்ய இளைஞரைக் கற்பனை செய்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு, பிரபுக் குடும்பம், சில வருஷம் கழித்துப் பெரிய நிலம் கைக்கு வரப்போகிறது. அவர் சமதர்மக் கொள்கைக்காரர், நிலத்தை உழவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்று இருக்கிறார். ஆனால் வயது ஏற ஏறக் கொள்கை மங்கும் என்ற பயமும் இருக்கிறது. அதனால் இப்போதே ஒரு பத்திரம் எழுதி, நிலம் தானாகவே உழவர்களுக்குப் போகும்படி செய்து, மனைவி சம்மதித்தால் மட்டுமே அது ரத்தாகும் என்று வைக்கிறார். மனைவியிடம் சத்தியமும் வாங்குகிறார்: பிற்காலத்தில் நானே வந்து கேட்டாலும் சம்மதிக்காதே, இந்தக் கொள்கைகள் போய்விட்டால் கேட்கிறவன் நான் இல்லை. நடுவயதில் அவர் வந்து கேட்கிறார். மனைவி என்ன செய்ய வேண்டும்?

இதை நான் பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இளைஞர்கள் பெரும்பாலும் சத்தியத்தைக் காப்பாற்று என்பார்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள் எதிரில் நிற்கிற மனுஷனைப் பார் என்பார்கள், அதிலேயே ஒரு தமாஷ் இருக்கிறது. என் கருத்து இது. அந்த இளைஞர் ஒரு அராஜகம் செய்திருக்கிறார், தன் பிற்காலத்தைச் சிறையில் போட்டு மனைவியைக் காவலுக்கு வைத்துவிட்டார், அந்தப் பெண்ணிடம் உனக்கு இதில் என்ன தோன்றுகிறது என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் சரியாகச் செய்ததும் ஒன்று உண்டு, தன் விழுமியத்துக்கு வெளியில் ஒரு சாட்சியை வைத்தார். அதனால் நடுவயதுக்காரர் வந்து கேட்கும்போது மனைவி செய்ய வேண்டியது சம்மதமும் இல்லை மறுப்பும் இல்லை, காரணத்தைச் சொல்லு என்று உட்கார வைப்பது. இப்படித் துண்டு துண்டாகக் கொடுத்தால் உழவர்கள் கந்துவட்டிக்காரன் கையில் சிக்கிவிடுவார்கள், வேறு வகையில் கொடுப்போம் என்று அவர் சொன்னால், அந்தப் பழைய இளைஞரே அதைக் கேட்டுத் தலையாட்டியிருப்பார், ரத்து செய்யலாம். எனக்கு இப்போது வசதி பிடித்துப்போய்விட்டது, அந்த வயதில் ஏதோ ஆவேசம் என்று சொன்னால், மன்னிக்கவும், கிடையாது. பழைய விழுமியம் கேட்டால் அதற்குப் புரியக்கூடிய ஒரு காரணமாவது புதிய விழுமியத்திடம் இருக்க வேண்டும். பழைய விழுமியத்தை இழந்தவனாக ஆனபிறகுதான் அந்தக் காரணம் புரியும் என்றால் எனக்குச் சந்தேகம்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் வரும் என்று தெரியும், அதைத் தாண்டிப் போக விருப்பமில்லை. சாதி வெறியை ஊட்டி வளர்க்கப்பட்ட ஒருவர் இருக்கிறார். அவருடைய பழைய விழுமியத்துக்குப் புரிகிற மாதிரி காரணம் சொல்லித்தான் அவர் மாற வேண்டுமா? அந்த விழுமியத்துக்கு என்ன மரியாதை? நியாயமான கேள்வி. ஆனால் அப்படி மாறியவர்களைப் பார்த்தால், அவர்களுக்குள் முன்பே ஏதோ ஒரு நேர்மையோ இரக்கமோ இருந்து, அதுதான் வெறியோடு சண்டை போட்டு ஜெயித்திருக்கிறது. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து யாரும் திருந்துவதில்லை. அதோடு அவர் மாறுவதில் நஷ்டம் அவருக்கு, சொந்தபந்தம் போகிறது, ஊரில் மதிப்புப் போகிறது, லாபம் மற்றவர்களுக்கு. அப்படிப்பட்ட மாற்றத்தில் மோசடி இருக்க வாய்ப்புக் குறைவு. எனக்கு லாபம் உனக்கு நஷ்டம் என்று முடிகிற மனமாற்றத்தைத்தான் நான்கு தடவை திருப்பிப் பார்க்க வேண்டும்.

சொல்லிவிட்டேன், ஆனால் இந்த விதியை அப்படியே எடுத்தால் ஒரு இடத்தில் அநியாயமாகிவிடும். தியாகம்தான் உன் குணம், எல்லாருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள் என்று சொல்லியே வளர்க்கப்பட்ட ஒரு பெண், நாற்பது வயதில் போதும் என்கிறார், தன் நேரமும் தன் படிப்பும் தனக்கு முக்கியம் என்று மாறுகிறார். கணக்குப்படி பார்த்தால் லாபம் அவருக்கு, நஷ்டம் வீட்டுக்கு. அந்த வீட்டில் எல்லாரும் உடனே சொல்வார்கள், அவள் முன்ன மாதிரி இல்லை, சுயநலம் வந்துவிட்டது என்று. என் விதியும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொள்கிறதா என்று பார்த்தால், சேரக் கூடாது. ஏனென்றால் வீடு இழந்ததாகச் சொல்கிற பொருள் அதற்குச் சேர வேண்டியதே இல்லை, அந்தப் பெண் அதைக் கொடுப்பதாக ஒருநாளும் தானாக வாக்குக் கொடுக்கவில்லை, அவரிடமிருந்து எடுத்தார்கள், எடுத்துப் பழகிவிட்டார்கள். ஆக வெறும் லாப நஷ்டம் போதாது, யார் யாருக்கு உண்மையிலேயே என்ன கடன்பட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். வாய்விட்டுச் சொன்ன வாக்கு, தெரிந்தே ஏற்படுத்திய நம்பிக்கை, பெற்ற பிள்ளை, வாங்கிய பணம் இதெல்லாம் பாக்கி. நீ இப்படித்தான் இருப்பாய் என்று அடுத்தவர் தானாக வளர்த்துக்கொண்ட எதிர்பார்ப்பு பாக்கி ஆகாது. இரண்டுக்கும் நடுவில் சேறு நிறைய இருக்கிறது, குறிப்பாகக் கல்யாணத்தில். பிள்ளையே வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்து சேர்ந்த தம்பதியில் ஒருவருக்கு ஏழாவது வருஷம் பிள்ளை ஆசை வந்தால் யார் யாருக்குக் கடன்பட்டவர்? எனக்கு விடை தெரியவில்லை, ஆனால் மாறுகிறவர் அதை மாறி முடித்த பிறகு அறிவிப்பதற்கும், மாறிக்கொண்டிருக்கும்போதே எதிரில் உட்கார்ந்து சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்பது தெரியும். முதலாவதில் மற்றவருக்குக் கிடைப்பது தகவல் மட்டும்.

இயக்கங்களில் இது இன்னும் கொடுமை. ஒருவர் மேடையில் நின்று பேசுகிறார், அவர் பேச்சைக் கேட்டு இருபது வயதுப் பிள்ளைகள் படிப்பை விட்டு வருகிறார்கள், வழக்கில் மாட்டுகிறார்கள். பத்து வருஷம் கழித்துப் பேசியவருக்கு உலகம் வேறு மாதிரித் தெரிகிறது. தெரியலாம், அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை, பொய்யாக அதே கொள்கையைப் பேசிக்கொண்டிரு என்று அவரைக் கட்டிப்போடுவது இன்னும் அசிங்கம். ஆனால் 'நான் பரிணமித்துவிட்டேன்' என்று ஒரு பேட்டி கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறாரே, அந்தப் பிள்ளைகளின் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வக்கீல் செலவுக்கு உதவலாம், நீதிமன்றத்துக்கு ஒருநாள் வந்து நிற்கலாம், குறைந்தபட்சம் அவர்களைக் கூப்பிட்டு ஏன் மாறினேன் என்று விளக்கி அவர்கள் திட்டுவதை உட்கார்ந்து கேட்கலாம். இதற்குப் பழைய கொள்கையில் நம்பிக்கை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்பா வாங்கிய கடனைப் பிள்ளை அடைப்பதில்லையா, அப்படித்தான் இதுவும், அந்த ஆள் இப்போது இல்லை என்றாலும் கையெழுத்து இருக்கிறது.

கடைசியாகக் கட்டுரையாளருக்கு நேரடியாக ஒரு கேள்வி. அந்த மாத்திரை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இரக்கம் உங்களுக்குத் தொழிலில் இடைஞ்சலாக இருக்கிறது, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்துவிட்டீர்கள், உங்கள் உரிமை. போட்டுக்கொள்வதற்கு முன் வீட்டில் சொல்வீர்களா? உங்களிடம் வேலை பார்ப்பவர்களிடம், உங்களை நம்பிப் பணம் போட்டவர்களிடம், வயதான காலத்தில் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று இருக்கிற பெற்றவர்களிடம் சொல்வீர்களா? அவர்களில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் காரணத்தைக் கேட்பீர்களா, அல்லது மாத்திரை போட்டபின் அது ஒரு பொருட்டாகவே தெரியாது என்பதால் முதலில் போட்டுவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இருப்பீர்களா? அவர் பதில் எழுதினால் தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்